அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்



பட்டமளிப்பு விழா மேடையில் ஏறுபவர்கள் தொழில் தொடங்குங்கள் என்று சொல்வது வழக்கம். நான் ஆடிட்டர். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்துச் சிறு தொழில்காரர்களின் கணக்கைப் பார்த்தே காலம் தள்ளியவன். அதனால் தொழிலை விற்றுவிட்டு வெளியே வருவதைப் பற்றிப் பேசப்போகிறேன். நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு என்று பெற்றோர் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இன்று இங்கே பட்டம் பெறும் உங்களில் பலர் லேத் பட்டறை, பவுண்டரி, பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளைகள். அந்தத் தொழில்களின் கதி நீங்கள் வீட்டில் சொல்லப்போகும் ஒரு பதிலைப் பொறுத்திருக்கிறது.

"படிச்சு முடிச்சதும் பையன் வந்து பாத்துக்குவான்." இந்த நம்பிக்கையில்தான் அப்பா புது மெஷினுக்குக் கடன் வாங்குகிறார். பையன் பெங்களூரில் வேலைக்குச் சேரும் தேதியைக்கூட முடிவு செய்திருப்பான். பெண்ணுக்கு அந்தத் தொழிலில் விருப்பமா என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பாவும் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் பேச்சே எழுகிறது. அந்த நேரத்தில் நல்ல விலை யாரும் தர மாட்டார்கள். மெஷின்களைக் கழற்றி வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

ஒரு தொழிலை ஒழுங்காக விற்க எவ்வளவு காலம் வேண்டும்? சில ஆண்டுகள் வேண்டும். நம் ஊர்த் தொழில்களில் பெரும்பாலானவை தனி உரிமையாளர் தொழில்கள். சட்டத்தின் கண்ணில் அந்த மனிதரும் தொழிலும் ஒன்றுதான். ஜிஎஸ்டி பதிவு அவருடைய பான் எண்ணில், வங்கிக் கணக்கு அவர் பெயரில், ஈபி சர்வீஸும் அவர் பெயரில். தொழிலைப் பிரைவேட் லிமிடெட் ஆக மாற்றினால் விற்பது எளிது. அந்த மாற்றத்துக்கு வருமான வரிச் சட்டம் மூலதன ஆதாய வரியிலிருந்து விலக்கும் தருகிறது. அதற்குரிய நிபந்தனைகளில் ஒன்று, கம்பெனியில் குறைந்தது பாதி வாக்குரிமை ஐந்து ஆண்டுகளுக்கு அவரிடமே இருக்க வேண்டும் என்பது. நடுவில் கைமாற்றினால் விட்டுப்போன வரி திரும்பி வரும். 65 வயதில் ஓய்வு வேண்டுமென்றால் 60 வயதுக்குள் இந்த வேலையைத் தொடங்கியாக வேண்டும்.

வாங்க வருபவர் முதலில் மெஷினைத்தான் பார்ப்பார் என்று நினைப்போம். பம்புக்கு இம்பெல்லர் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றை விலை பேச வந்தவரோடு நானும் போயிருந்தேன். அவர் மெஷின் பக்கம் திரும்பவே இல்லை. சூப்பர்வைசரிடம் ஒரு பீஸைக் காட்டி, "இதுக்கு என்ன ரேட்?" என்றார். "முதலாளியக் கேக்கணுங்க." "காஸ்டிங் யார்கிட்ட வாங்கறீங்க?" "அதுவும் அவருதானுங்க பேசுவாரு." "இந்தப் பார்ட்டி பாக்கி எப்பத் தருவாங்க?" முதலாளி சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்துப் புரட்டினார். வந்தவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் என்னிடம், "சார், இவரையும் சேர்த்து விப்பாங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம்தான். முதலாளி இல்லாமல் நடக்காத தொழிலை யார் வாங்குவார்கள்? ரேட் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். கொள்முதலை இன்னொருவரும் பேசிப் பழக வேண்டும். பாதி ஆர்டர் ஒரே பார்ட்டியிடமிருந்து வந்தால் வேறு பார்ட்டிகளைப் பிடிக்க வேண்டும். முதலாளி ஒரு மாதம் காசி, ராமேஸ்வரம் என்று போய்வந்து, அந்த மாதமும் பில் குறையாமல் போயிருந்தால் தொழில் விற்பனைக்குத் தயாராகி வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கணக்கு. வீட்டுச் செலவு மாதம் 50,000 ரூபாயைக் கம்பெனிச் செலவாக ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 6 லட்சம். 30 சதவீத வரி என்றால் 1.8 லட்சம் மிச்சம் என்று அவருக்குச் சந்தோஷம். அது சட்டப்படி தவறு என்பது ஒருபக்கம் இருக்கட்டும். வாங்குபவர் ஆண்டு லாபத்தைப் போல நான்கு மடங்கு விலை தருவதாக இருந்தால், ஏட்டில் மறைந்த அந்த 6 லட்சத்தால் விலையில் 24 லட்சம் போய்விடும். வாங்குபவர் குறைந்தது மூன்று ஆண்டுக் கணக்கைக் கேட்பார். கடைசி வருடம் மட்டும் லாபத்தைக் காட்டினால் நம்ப மாட்டார்.

இடத்துக்கு வருவோம். பட்டறை பூர்வீக நிலத்தில் இருந்தால் பத்திரத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது, 2005-ல் நாடு முழுவதும் வந்தது. அத்தையின் கையெழுத்து இல்லாமல் நின்றுபோன விற்பனைகள் உண்டு. கூடவே, அப்பா வங்கியில் போட்ட சொந்த ஜாமீன் தொழிலை விற்றதும் தானாக ரத்தாகாது. வங்கி அதை எழுத்தில் விடுவித்து, மூலப் பத்திரம் கைக்கு வரும்வரை அந்தக் கடன் அவர் தலையில்தான்.

தொழிலை முழுதாக, ஓடுகிறபடியே கைமாற்றினால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பயன்படுத்தாத உள்ளீட்டு வரியையும் வாங்குபவர் பெயருக்கு மாற்றலாம். மெஷின் மெஷினாகப் பிரித்து விற்றால் ஒவ்வொன்றுக்கும் வரி. முழுதாக விற்கும்போது ஆட்களுக்கும் வேலை மிஞ்சும். ஐந்து ஆண்டு முடித்த தொழிலாளிக்கு, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கிராஜுவிட்டி சேர்ந்திருக்கும். அதை யார் கொடுப்பது என்று விலை பேசும்போதே எழுதிவிட வேண்டும். உங்களைத் தூக்கி வளர்த்த போர்மேனின் இருபது வருட உழைப்பும் அந்தத் தொகையில் இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கோவையில் சாந்தி கியர்ஸை வளர்த்த பி. சுப்பிரமணியம் 2012-ல் அதை முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸிடம் ஒப்படைத்தார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சாந்தி சோஷியல் சர்வீசஸ் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். சிங்காநல்லூரில் அதன் கேன்டீனில் சாப்பிடாதவர் இந்த ஊரில் குறைவு. விற்ற மறுநாள் காலை போய் உட்கார அவருக்கு இடம் இருந்தது. அப்படி ஓர் இடம் இல்லாத முதலாளிதான் ஒப்பந்தத்துக்கு முதல் நாள் மனம் மாறுகிறார். விற்றுவிட்டுப் பக்கத்துத் தெருவிலேயே அதே தொழிலைத் தொடங்கலாம் என்றும் நினைக்காதீர்கள். நற்பெயரையும் சேர்த்து விற்றவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும்.

பட்டதாரிகளே, இந்த வாரத்துக்குள் அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். தொழிலுக்கு வரப்போவதில்லை என்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் திட்டம் போட ஐந்து ஆண்டு கிடைக்கும். சொல்லிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். மூன்று ஆண்டுக் கணக்கைச் சீர்செய்யவும், டைரியில் இருப்பதை ஏட்டில் ஏற்றவும் நீங்கள் இங்கே படித்த படிப்பு போதும். வருகிறேன் என்று சொல்பவர்களுக்கும் முதல் வேலை இதுதான். நாளைக்கே விற்கலாம் என்ற நிலையில் இருக்கும் தொழிலைத்தான் நிம்மதியாக ஏற்று நடத்தவும் முடியும்.