நிற்கவைத்து நாடி பாருங்கள்

இன்றைக்கு அகவணக்கத்தை இருந்தபடியே செலுத்தியது சிலருக்கு உறுத்தலாக இருந்திருக்கும். எழும்பி நிற்பதுதான் நம் வழக்கம். ஆனால் பாரிஸ் புறநகரான எபினேயின் இந்த மண்டபத்துக்கு வந்திருப்பவர்களில் சிலருக்குக் கண் இருட்ட அந்த ஒரு நிமிடம் போதும். பின்வரிசையை ஒட்டிப் பாய் விரித்திருக்கிறோம். பேச்சு நடக்கும்போதே போய்ப் படுக்கலாம். இங்கே யாரும் அதை மரியாதைக் குறைவாக எடுக்கமாட்டார்கள்.

எழுந்து நின்றதும் இதயத்துடிப்பு அளவுக்கு மீறி விரையும் நோய்க்குறியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்; அதைச் சுருக்கமாகப் பொட்ஸ் (POTS) என்கிறோம். படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் அரை லீற்றருக்குக் குறையாத இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கும். இது எல்லாருக்கும் இயல்பு. தன்னியக்க நரம்புகள் உடனே இரத்தக்குழாய்களை இறுக்கி அதை மேலே அனுப்பிவிடும். பொட்ஸ் உள்ளவர்களில் சிலரிடம் அந்த இறுக்கம் போதாது. சிலரிடம் உடம்பில் ஓடும் இரத்தமே குறைவு. வேறு சிலரிடம் நின்றவுடன் நோரட்ரினலின் அளவுக்கு மீறி ஏறுகிறது. எப்படியானாலும் இதயம் விரைந்து துடித்துத்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடினால், 12 முதல் 19 வயதினரில் 40 கூடினால், இரத்த அழுத்தம் பெரிதாக விழாதிருந்தால், தொல்லைகள் மூன்று மாதமாவது நீடித்திருந்தால் பொட்ஸ் என்று எண்ணலாம். இரத்தசோகை, தைரொயிட் கோளாறு, நீரிழப்பு ஆகியவை இல்லையென்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். நம் பெண்களிடம் இரத்தசோகை மலிந்திருக்கிறது, அதைப் பார்க்காமல் பொட்ஸ் என்று முத்திரை குத்துவதும் பிழைதான்.

பொட்ஸ் என்ற பெயரை 1993இல் மருத்துவ உலகில் நிலைநிறுத்தியவர்கள் மேயோ கிளினிக்கின் ஷொண்டோர்ஃப், லோ இருவரும். ஆனால் 1871இலேயே ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர், அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களிடம் கண்ட படபடப்பையும் மயக்கத்தையும் களைப்பையும் விரிவாக எழுதிவிட்டார். அவர் விவரித்தவர்களில் சிலருக்கு இருந்தது இதுவாகவே இருக்கலாம். சிப்பாய்க்கு வந்தபோது அதை இதயத்தில் தேடினார்கள். இளம்பெண்ணுக்கு வந்தபோது மனதில் தேடுகிறார்கள். இன்று நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள்.

மனதில் தேடும் இந்தப் போக்குக்குப் பிரான்சில் உள்ளூர் வடிவம் ஒன்று உண்டு. ஸ்பாஸ்மோஃபிலி, அதாவது பதற்றத்தால் வரும் தசைப்பிடிப்பு, என்று சொல்லி மக்னீசியம் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்புவது. வெளிநாட்டவர் வலியை மிகைப்படுத்துவார்கள் என்ற பழைய ஆஸ்பத்திரி எண்ணமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். வீட்டிலோ, “பிள்ளைக்குப் பிறஷர் குறைஞ்சிட்டுது, ஒழுங்காச் சாப்பிடுறதில்லை” என்று கதை முடிந்துவிடும். ஈசீஜீ எடுப்பது படுக்கவைத்து. பிறஷர் பார்ப்பது இருத்திவைத்து. இரண்டும் சரியாக இருக்கும், ஏனென்றால் படுத்தோ இருந்தோ இருக்கையில் அந்தப் பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். படுத்திருக்கையில் துடிப்பு 74, அழுத்தம் 110/70. எழுந்து நின்ற இரண்டாம் நிமிடத்தில் துடிப்பு 108. பத்தாம் நிமிடத்தில் 126, அழுத்தமோ 112/76. கை நடுங்குகிறது, சொல்ல வந்த சொல் மறந்துபோகிறது. பாதம் நிறம் மாறும் என்று பாடநூல்கள் சொல்கின்றன, ஆனால் அவற்றின் படங்களில் இருப்பவை வெள்ளைத்தோல் கால்கள். நம் தோலில் அது மங்கிய கருமையாகத்தான் தெரியும். நகத்தையும் உள்ளங்காலையும் பாருங்கள். இந்தப் பரிசோதனைக்கு ஒரு கட்டிலும் ஒரு கைக்கடிகாரமும் பிறஷர் கருவியும் போதும். அதற்கு நேரமில்லை என்று குடும்ப மருத்துவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். அதே பிள்ளையை மூன்று முறை அவசரப் பிரிவுக்கு அனுப்ப மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது?

நாம் கூடியிருக்கும் இந்த 93ஆம் மாவட்டம், 2020 வசந்தத்தில் கொரோனாவால் மரணங்கள் பிரான்சிலேயே மிக அதிகமாகக் கூடிய இடங்களில் ஒன்று. வைரஸ் தொற்றுக்குப் பிறகு பொட்ஸ் தொடங்குவது முன்பே தெரிந்ததுதான். கொரோனாவுக்குப் பிறகு அப்படி வந்தவர்கள் உலகெங்கும் பெருகினார்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். தடுமாற்றம் அங்கேதான் அதிகம். இந்நோய்க்கு வழக்கமான அறிவுரை, நாளுக்கு இரண்டு மூன்று லீற்றர் தண்ணீர், மருத்துவர் சம்மதித்தால் 10 கிராம் அளவு உப்பு. உலக சுகாதார நிறுவனம் பொதுவாகச் சொல்வது 5 கிராமுக்குள். மகளுக்குப் பொட்ஸ், தகப்பனுக்கு உயர் இரத்த அழுத்தம், அம்மம்மாவுக்குச் சலரோகம். அடுப்பில் இருப்பதோ ஒரே கறிச்சட்டி. சட்டியில் உப்பைக் கூட்டினால் மகளுக்கு மருந்தாவது தகப்பனுக்குக் கேடு. கறியை உப்புக் குறைத்தே காய்ச்சுங்கள். மகளின் கோப்பையில் மோரும் ஊறுகாயும் மோர்மிளகாயும் தனியாகச் சேரட்டும். ஒரேயடியாகக் குவித்த சோறு இரத்தத்தைக் குடலுக்கு இழுத்துவிடும், ஆகவே சிறிதுசிறிதாகப் பலமுறை சாப்பிட வேண்டும். சுடுநீர்க் குளியலும் ஆகாது; குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போடுங்கள்.

இரத்தம் கால்களில் தேங்காதிருக்க அழுத்தக் காலுறை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்கக் கட்டுரைகள் பரிந்துரைக்கும் 30–40 மில்லிமீற்றர் பாதரச அழுத்தம் அங்கே இரண்டாம் வகுப்பு. பிரெஞ்சு இரண்டாம் வகுப்பில் இருப்பது 15 முதல் 20 வரைதான். பார்மசியில் வகுப்பைச் சொல்லாமல் அழுத்தத்தைச் சொல்லிக் கேளுங்கள். புரொப்ரனொலோல், இவாபிரடின், மிடோட்ரின் போன்ற மருந்துகள் சிலருக்கு உதவுகின்றன. பொட்ஸுக்கென்றே அனுமதி பெற்ற மருந்து இதுவரை இல்லை. உடற்பயிற்சியைப் படுத்தபடியும் இருந்தபடியும் தொடங்க வேண்டும். முதல் வாரங்களில் உடம்பு இன்னும் மோசமாகத் தோன்றும். பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

நம்மவர் வேலைகளோ பெரும்பாலும் நின்று செய்பவை. ரெஸ்ட்டோரன்ட் குசினியில் வெக்கையும் நிற்பும் சேர்ந்தே இருக்கின்றன. பாரிசின் லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் காசாளருக்குக் கதிரை போடுவது ஏனோ வழக்கமில்லை. தொழில் மருத்துவர் சொன்னால் முதலாளி வேலையிடத்தை மாற்றியமைக்க வேண்டும் என்று பிரெஞ்சுச் சட்டம் சொல்கிறது. விசா இல்லாதவருக்கு அந்தச் சட்டம் எட்டாத உயரம். கடை உரிமையாளர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். கதிரை வாங்க எந்த மருத்துவரின் கடிதமும் தேவையில்லை.

நெடுநேரம் நிற்கவேண்டிய இன்னொரு நாளும் உண்டு: ஓகஸ்ட் கடைசியில் பாரிஸ் மாணிக்க விநாயகர் கோயில் தேர் வரும். போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். புறப்படுமுன் அரை லீற்றர் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். நிற்கையில் காலைக் குறுக்கே வைத்துத் தொடையை இறுக்குங்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் றோட்டோரத்தில் குந்துங்கள்.

முற்பகல் அமர்வில் இதயநோய் மருத்துவர்களும் தாதியரும் பேசுவார்கள், அதன்பின் நோயாளிகள். மதிய உணவுக்கு முன் பத்து நிமிட நிற்புப் பரிசோதனையை மேடையிலேயே செய்துகாட்டுவோம். குடும்ப மருத்துவர்கள் அதுவரை இருந்து பாருங்கள். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன். அவர் விரும்பினால் இருந்தபடியே வாசிக்கலாம்.