பென்டிரைவ் பூட்டிக்கொண்டால்



தோட்டத்து வீடு ஒன்றை நினைத்துப் பார்ப்போம். மாலை நேரம். வேலை முடிந்து வந்த மூத்த மகன், பென்டிரைவில் புதிய பாடல்களை ஏற்றுவதற்காகக் கணினியின் முன் உட்காருகிறார். அதில் ஏற்கெனவே இருப்பவற்றை ஒரேயடியாகத் துடைத்துவிட, அதாவது 'ஃபார்மெட்' செய்ய, முனைகிறார். கணினி மறுக்கிறது. 'தி டிஸ்க் இஸ் ரைட் புரொடெக்டெட்' என்று திரையில் வருகிறது. கழற்றி மீண்டும் செருகுகிறார். அதே பதில்தான். கோபம் வருகிறது. அப்போது சமையற்கட்டிலிருந்து தாயார் கேட்கிறார்: "ஏம்பா, தாத்தா படமெல்லாம் அதுலதானே இருக்கு? வேற எங்கயாவது எடுத்து வச்சிருக்கியா?"

மகன் வாயடைத்துப் போகிறார். வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை!

இது நாம் கற்பனை செய்த வீடுதான். ஆனால் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். ஆகவே, பென்டிரைவ் ஏன் இப்படிப் பூட்டிக்கொள்கிறது, அப்போது நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இன்று பார்ப்போம்.

இந்தப் பூட்டு நமக்குப் புதிதன்று. பெரியவர்களுக்குப் பழைய கேசட் நினைவிருக்கும். அதன் முதுகுப் பக்கத்தில் சிறிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு பதிவு செய்ய முடியாது. பாட்டைக் கேட்கலாம், அழிக்க முடியாது. மீண்டும் பதிவு செய்ய விரும்பினால் அந்தத் துளையின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டுவோம். பென்டிரைவின் பூட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே இருப்பதைப் படிக்க விடும். மாற்றவோ அழிக்கவோ விடாது.

ஆகவே, நேயர்களே, பூட்டைத் திறக்கும் வழியைத் தேடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்ய வேண்டும். உள்ளே இருக்கும் படங்களையும் பிள்ளைகளின் பாடங்களையும் முதலில் கணினியில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டு திறந்துவிட்டால் அடுத்து நடப்பது ஃபார்மெட். அதன்பின் தாத்தாவின் படத்தைத் தேடிப் பயனில்லை.

நகல் எடுத்தாகிவிட்டதா? இனி, பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவதாக, பென்டிரைவின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். சிலவற்றில் சிறிய விசை ஒன்று இருக்கும். சட்டைப்பையில் கிடக்கும்போது அது தானே நகர்ந்திருக்கலாம். மறுபக்கம் தள்ளினால் போதும். கைப்பேசியின் சிறிய மெமரி கார்டைப் பெரிய அட்டையில் செருகிப் பயன்படுத்துவோரும், அந்த அட்டையின் ஓரத்திலுள்ள விசையைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவதாக, வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும், பென்டிரைவில் எதையும் எழுத முடியாதபடி கணினியிலேயே தடை போட்டு வைப்பதுண்டு. இன்னொரு கணினியில் வேலை செய்தால் பென்டிரைவில் குற்றம் இல்லை.

மூன்றாவதாக, விண்டோஸ் கணினியில் கட்டளை கொடுத்துப் பார்க்கலாம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் படிக்கும் பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 'கமாண்ட் பிராம்ப்ட்' என்பதை 'அட்மினிஸ்டிரேட்டர்' உரிமையோடு திறந்து, 'டிஸ்க்பார்ட்' என்று எழுதி என்டர் விசையை அழுத்துங்கள். அடுத்து 'லிஸ்ட் டிஸ்க்'. இப்போது வட்டுகளின் பட்டியல் எண்களோடு வரும். அளவைப் பார்த்து உங்களுடையதைக் கண்டுபிடியுங்கள். 16 ஜிபி பென்டிரைவ் என்றால் 14 ஜிபி அளவில் காட்டும். 0 என்னும் எண் பெரும்பாலும் கணினியின் சொந்த வட்டு, அதைத் தொடாதீர்கள். உங்கள் எண் 1 என்றால் 'செலக்ட் டிஸ்க் 1' என்று எழுதுங்கள். பிறகு 'ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' என்று எழுதுங்கள். இது பூட்டை மட்டும் நீக்கும். 'கிளீன்' என்ற இன்னொரு கட்டளையைச் சிலர் சொல்லித் தருவார்கள். தப்பான எண்ணில் அதைக் கொடுத்தால் கணினியில் உள்ளவையே போய்விடும். எச்சரிக்கை!

இத்தனையும் செய்து, 'வெற்றி' என்று கணினி சொன்ன பின்பும் பூட்டு திறக்கவில்லையா? அப்படியானால் பென்டிரைவே தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

இதன் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா 'ஃபிளாஷ்' நினைவகத்தை 1984-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் அதைக் கொண்டு 'தம்டிரைவ்' என்ற பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் உள்ளே கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் சிறிதளவு மின்னூட்டத்தை அடைத்து வைப்பதே எழுதுவது. அதை வெளியேற்றுவதே அழிப்பது. ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் அறையின் சுவர் சற்றுத் தேய்கிறது. நோட்டுப் புத்தகத்தில் ஒரே பக்கத்தை ரப்பரால் அழித்து அழித்து எழுதினால் தாள் கிழிந்துவிடுகிறதல்லவா? அதுபோலத்தான். பழுதான அறைகளுக்கு மாற்றாகச் சில அறைகள் ஒதுக்கப்பட்டிருக்கும். அவையும் தீர்ந்துபோனால், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, 'இனி எழுத வேண்டாம், இருப்பதையாவது காப்பாற்றுவோம்' என்பதுபோல் பூட்டிவிடுகிறது. இந்தப் பூட்டை எந்தக் கட்டளையாலும் திறக்க இயலாது. திறக்கிறேன் என்று சொல்லி விற்கப்படும் மென்பொருள்களுக்குப் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம்.

இத்தகைய பென்டிரைவின் ஆயுள் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். நகல் எடுக்க அது கொடுத்த கடைசி வாய்ப்பு அந்தப் பூட்டு. ஆனால் அதை அப்படியே குப்பையில் எறியாதீர்கள். அழிக்க முடியாத அந்தப் பொருளில் அடையாளக் கார்டு நகலோ சம்பளச் சீட்டோ இருந்தால், எடுத்தவர் எவரும் படித்துவிடலாம். உள்ளிருக்கும் கறுப்புச் சில்லைச் சுத்தியலால் நொறுக்கிவிட்டு எறியுங்கள்.

நேயர்களே, அந்த வீட்டுக்கு மீண்டும் வருவோம். கணினி மறுத்திராவிட்டால், தாயார் கேட்பதற்குள் தாத்தாவின் படங்கள் போயிருக்கும். மகன் கோபித்துக்கொண்ட அதே பூட்டுத்தான் அவற்றைக் காத்தது. எல்லா நாளும் அப்படிக் காக்கும் என்று நம்பியிருக்கலாமா? பென்டிரைவ் என்பது கொண்டுபோகும் பை. பத்திரப்படுத்தும் பெட்டி அன்று. வீட்டின் படங்கள் இரண்டு இடங்களிலாவது இருக்கட்டும். இன்று இரவே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.