மோட்டரை நிறுத்தினால் போதுமா?

(பூனாகலையில் இயந்திரப் பகுதி அங்கத்தவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் நடந்த பாதுகாப்பு வகுப்பில் ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர் ஆற்றிய உரை)



முப்பது வருசத்துக்கு மேலே ஸ்பேனர் பிடித்த கை இது. மைக் பிடித்துப் பழக்கமில்லை, பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் உள்ளே வரும்போதே ஒரு அக்கா கேட்டார்: "மெசின் ஆட்களுக்கு வகுப்பு என்றால் கொழுந்து எடுக்கிற எங்களை ஏன் கூப்பிட்டீர்கள்?" நியாயமான கேள்விதான். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன்.

தேயிலைப் பெக்டரியில் இருக்கிற மோட்டரும் பெல்ட்டும் கியரும் நமக்குப் பழகியவை. சுவிட்சை அணைத்தால் சுற்றுவது நிற்கும், அது கண்ணுக்குத் தெரியும். ஆனால் நம் பிள்ளைகள் இப்போது பெக்கோ ஓட்டப் போகிறார்கள், கொழும்பில் வேர்க்ஷொப்புகளுக்குப் போகிறார்கள், மத்திய கிழக்குக்குப் போகிறார்கள், மலைநாட்டில் இருக்கிற சின்னச் சின்ன நீர்மின் நிலையங்களுக்கும் போகிறார்கள். அங்கே வேலை செய்வது எண்ணெயின் அழுத்தம். அதைக் கண்ணால் பார்க்க முடியாது.

நீர்மின் நிலையம் நமக்குப் புதிதில்லை. ஊருக்குக் கரண்ட் வருவதற்கு முன்பே மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் ஆற்றுத் தண்ணீரில் டர்பைன் ஓட்டித்தான் பெக்டரியை நடத்தினார்கள். இன்றைக்கு நம் மாவட்டத்திலேயே, எல்லவுக்குப் பக்கத்தில் கரந்தகொல்லையில், மலைக்குள்ளே உமா ஓயா மின்நிலையம் இருக்கிறது. 120 மெகாவாட். 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திறந்தார்கள். அந்தச் சுரங்கம் தோண்டும்போது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்த கதை வேறு. அதை ஆரம்பித்தால் இன்றைக்கு வீடு போய்ச் சேர மாட்டோம்.

டர்பைனுக்குத் தண்ணீர் வருகிற பெரிய குழாயில் ஒரு வால்வு இருக்கும். உள்ளே வட்டமான தகடு. அதைக் கால் சுற்று திருப்பினால் திறக்கும், திரும்பக் கால் சுற்று திருப்பினால் மூடும். தண்ணீரின் பாரத்துக்கு எதிராகக் கையால் திருப்புவது லேசில்லை. அதற்குத்தான் எண்ணெய் அழுத்தத்தில் தண்டைத் திருப்புகிற கருவி. ரோட்டரி எக்சுவேட்டர் என்பார்கள். ஒரு வகையில் எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பல்லு வைத்த சட்டத்தைத் தள்ளும், சட்டம் பல்லுச் சக்கரத்தைத் திருப்பும். இன்னொரு வகையில் உருண்டை அறைக்குள் ஒரு இறக்கை. எண்ணெய் எந்தப் பக்கம் புகுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் அது திரும்பும். பல இடங்களில் அந்தத் தண்டோடு ஒரு கையும், கை நுனியில் கனமான இரும்புப் பாரமும் இருக்கும். எண்ணெய் பாரத்தைத் தூக்கி வால்வைத் திறந்து வைக்கும். எண்ணெய் அழுத்தம் போனால் பாரம் கீழே விழுந்து வால்வு தானாக மூடிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், பாரத்துக்குக் கீழே ஆள் நிற்காதவரைக்கும்.

ஒரு நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கருவியில் சீல் போய் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. "வால்வை மூடிக் குழாயை வடித்தால் ஒரு நாள் போய்விடும், அப்படியே சட்டென்று சீலை மாற்றுங்கள்" என்று மேலேயிருந்து சொன்னார்கள். எழுத்தில் இல்லை, வாய்ச்சொல்தான். டர்பைனை நிறுத்தினோம். எண்ணெய்ப் பம்பு மோட்டரையும் நிறுத்தினோம். சத்தமே இல்லை. எல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். என் கூட்டாளி ஹோஸ் நட்டை அரைச் சுற்று தளர்த்தினான். எண்ணெய் சீறியது, மேலே நின்ற பாரம் இறங்கியது, அவன் முன்கை இரண்டாக முறிந்தது. பம்பு நின்றாலும் பாரத்தைத் தாங்கி நின்றது குழாய்க்குள் அடைபட்டிருந்த எண்ணெய். தாங்கி நின்றதையே நாங்கள் திறந்துவிட்டோம்.

அப்படியென்றால் எப்படிச் செய்திருக்க வேண்டும்? முதலில் வால்வை மூடி, பாரத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும். இறங்கின கையை அசையாதபடி பூட்டுமுளை போட்டு நிறுத்த வேண்டும். வால்வையே கழற்றுகிற வேலையென்றால் மேலே தொட்டிக் கதவை அடைத்துக் குழாய்த் தண்ணீரையும் வடிக்க வேண்டும். மோட்டரின் மெயின் சுவிட்சை அணைத்து அதில் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்கிறவன் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. "யாரும் போட மாட்டார்கள்" என்ற பேச்சு இங்கே செல்லாது. ஷிப்ட் மாறி வருகிறவனுக்கு நீ உள்ளே இருப்பது தெரியாது.

இன்னொரு சாமானையும் மறக்கக் கூடாது. எக்யுமுலேட்டர். பார்க்க காஸ் சிலிண்டர் மாதிரி இருக்கும், உள்ளே ஒரு பக்கம் நைதரசன் வாயு, மறுபக்கம் எண்ணெய். கரண்ட் போனாலும் வால்வை இயக்குவதற்காக அழுத்தத்தைச் சேர்த்து வைத்திருப்பது அதன் வேலையே. மோட்டர் நின்று ஒரு நாள் ஆனாலும் அதற்குள் அழுத்தம் இருக்கும். அதன் வடிவால்வை மெதுவாகத் திறந்து, எண்ணெயைத் தொட்டிக்கு விட்டு, கேஜ் பூச்சியத்துக்கு வந்ததைப் பார்க்க வேண்டும். கேஜ் பழுதாகியும் பூச்சியம் காட்டலாம், அதனால் இரண்டாவது கேஜையும் பாருங்கள். வாயு குறைந்தால் நைதரசன் மட்டும்தான் நிரப்ப வேண்டும். ஒட்சிசன் நிரப்பினால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.

கழற்றுகிற வேலையில் சுத்தம்தான் பாதி. நிலத்தில் சாக்கை விரித்து அதில் கழற்றாதீர்கள், சாக்கு நூல் ஒன்று உள்ளே போனாலும் புதுச் சீல் கீறிவிடும். கழற்றுவதற்கு முன் உடலிலும் மூடியிலும் தண்டிலும் குறி போடுங்கள். பல்லு ஒன்று தள்ளிப் பூட்டினால் வால்வு மூடியதாகக் கருவி காட்டும், உள்ளே தகடு கொஞ்சம் திறந்தே இருக்கும். ஸ்பிரிங் வைத்துத் திரும்புகிற வகையென்றால் அந்த மூடியின் போல்ட்டைத் தொடுவதற்கு முன் தயாரித்தவர் கொடுத்த புத்தகத்தைப் பாருங்கள். புத்தகம் இல்லையென்றால் தொடவேண்டாம். அமுங்கி இருக்கிற ஸ்பிரிங் மூடியோடு பறந்து வரும். சீலின் உதடு அழுத்தம் வருகிற பக்கம் பார்க்க வேண்டும். அதே எண்ணெயைத் தடவிப் போடுங்கள். போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பூட்டி முடிந்ததும் குறைந்த அழுத்தத்தில் சில தடவை திருப்பிக் காற்றை வெளியேற்றி, அதற்குப் பிறகுதான் முழு அழுத்தம். எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அதை மாற்றாமல் புதுச் சீல் போட்டுப் பயனில்லை.

இப்போது அந்த அக்காவுக்குப் பதில். மோட்டார் வண்டி டயரில் 2 பார் சொச்சம் அழுத்தம். பெக்கோவில் 200 பாருக்கும் மேலே போகும். 7 பார் இருந்தாலே ஊசித் துவாரத்தில் சீறுகிற எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அதனால் ஒழுகுகிற இடத்தைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது, ஒரு காட்போட் மட்டையைப் பிடித்துப் பாருங்கள். துளைத்துவிட்டால் வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் பெரிதாக இருக்காது. பையன் வீட்டுக்கு வந்து "முள்ளுக் குத்தினது மாதிரி" என்பான். நாம் மஞ்சள் பத்துப் போட்டுப் படுக்க வைப்போம். உள்ளே போன எண்ணெய் இரவோடிரவாகச் சதையை அழுக வைக்கும். இப்படிக் கையில் காயப்பட்ட 435 பேரின் விபரங்களைத் திரட்டி 2006இல் வெளிவந்த மருத்துவ ஆய்வில், 30 வீதமானோருக்கு விரலோ கையோ வெட்டி எடுக்க நேர்ந்திருக்கிறது.

ஆகவே தாய்மார்களே, மெசின் வேலை செய்கிற பிள்ளை அப்படிச் சொன்னால் காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக்கொண்டு திரும்பவும் வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்குப் போய், "அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்ற வார்த்தையை வைத்தியரிடம் சொல்லுங்கள். எண்ணெய் டின்னின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

என் கூட்டாளியின் கதையில் ஒன்று பாக்கி. விபத்து அறிக்கையில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். அவனும் பயந்துபோய் ஒப்பமிடப் பார்த்தான். கமிட்டி விடவில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்படி, சாதாரணக் கவனக்குறைவைக் காட்டி நட்டஈட்டை மறுக்க முடியாது. சொல்லப்பட்ட பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினான், பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றினான், குடித்திருந்தான் என்றால்தான் அவர்களுக்கு வழி. "யார் சொல்லி வேலை செய்தான்? எந்த எழுத்து உத்தரவை மீறினான்?" என்று கேட்டோம். பதில் இல்லை. நட்டஈடு கிடைத்தது. ஆனால் அந்தக் கையால் அவன் பிறகு முழுப் பாரம் தூக்கவில்லை.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, விபத்தால் ஒருவர் மூன்று நாளுக்கு மேல் தன் வழமையான வேலையில் முழுச் சம்பளம் உழைக்க முடியாமல் போனால், தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா என்று கமிட்டி கேட்க வேண்டும். வாசித்துப் பார்க்காத கடதாசியில் ஒப்பமிடாதீர்கள்.

கமிட்டித் தலைவரிடம் ஒரு சீட்டின் மாதிரி கொடுத்திருக்கிறேன். வேலை செய்யச் சொன்னவர் பெயர், பாரம் இறக்கிய நேரம், பூட்டுப் போட்டவர் பெயர், கேஜில் கண்ட அளவு, இவ்வளவுதான். இரண்டு பூட்டும் கொண்டுவந்திருக்கிறேன். இயந்திரப் பகுதித் தோழர்கள் தேநீருக்குப் பிறகு முன்னால் வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.