வியட்நாமிய இசையரங்கின் தாஞ் ஙா



இன்றைய பேச்சின் பொருள், வியட்நாமின் தென்பகுதியில் பாடகியாகவும் நாடக நடிகையாகவும் திரைப்பட நடிகையாகவும் விளங்கி, முப்பத்தாறாம் வயதில் கொலையுண்டு மறைந்த தாஞ் ஙா என்னும் பெண்மணி. பெயரைக் கேட்டவுடன் நாக்குச் சற்றுத் தயங்கும். தமிழில் சொல்லுக்கு முதலாக அருகியே வரும் ஙகரம் அவர்கள் மொழியில் இயல்பாகச் சொல்லின் தலையில் நிற்கிறது. நாம் அரிச்சுவடியோடு விட்டுவந்த எழுத்து அங்கே பெண்களின் பெயராக வாழ்கிறது.

தாஞ் ஙாவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவர் இறந்த கதையையே பேசுகின்றனர். எவ்வாறு பாடினார், எவ்வாறு நடித்தார் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. இது ஒரு கலைஞருக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதி. ஆதலால் இறப்பைப் பின்னர் வைத்துக்கொண்டு, அவரை வளர்த்த கலையிலிருந்து தொடங்குவதே முறை.

அக்கலையின் பெயர் காய் லுவோங். அச்சொல்லுக்குச் சீர்திருத்தம் என்பது பொருள். மேக்கோங் ஆற்றுப் படுகையில், ஓய்வு வேளைகளில் நண்பர் கூடி வாசித்துப் பாடிய அவையிசையிலிருந்து, 1910களின் பிற்பாதியில் பிறந்த இசை நாடகம் அது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலம். மேலை நாடகத்தின் காட்சித் திரைகளும் உரையாடலும் ஒருபுறம், பழைய பாட்டு மெட்டுகள் மறுபுறம். இரண்டும் கலந்து புதியதொரு வடிவம் எழுந்தது. சீனப் பழங்கதை, அரச வரலாறு, அண்டை வீட்டுக் குடும்பப் பூசல் என எதையும் அது மேடையேற்றியது. பேசிக்கொண்டே வரும் பாத்திரம் பேச்சின் நடுவில் பாட்டுக்குள் நழுவுவதும், பாட்டு முடிந்ததும் பேச்சுக்குத் திரும்புவதும் அதன் இலக்கணம்.

அதன் உயிர்நாடியான பாட்டு வோங் கோ. பழமையை எண்ணி ஏங்குதல் என்பது பொருள். 1919 அளவில் பாக் லியேவ் ஊரைச் சேர்ந்த காவ் வான் லௌ என்னும் இசைஞர், இரவில் முரசொலி கேட்டுக் கணவனை நினைத்து வருந்தும் பெண்ணின் கூற்றாக ஒரு பாட்டு இயற்றினார். அதுவே வோங் கோவின் மூலம். தொடக்கத்தில் ஓர் அடிக்கு இரண்டு தாள எண்ணிக்கையே இருந்தது. பின்வந்தோர் அதனை நான்காக்கினர், எட்டாக்கினர், பதினாறாக்கினர், முப்பத்திரண்டுக்கும் நீட்டினர். பாட்டு மாறவில்லை, பாடுவோனுக்கு உலாவக் கிடைத்த இடம் பெருகியது. முன்னுரையாகச் சொற்களை விரைந்து அடுக்கிவந்து, முதலடியின் இறுதியில் பாடகர் அடிச்சுரத்தில் இறங்கி நிற்பார். அந்த இறக்கத்திற்காகவே மக்கள் காத்திருப்பர். அது நன்றாக அமைந்தால் அரங்கு கைதட்டலால் அதிரும்.

பக்கவாத்தியங்களில் ஒரு புதுமையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. மேலைநாட்டுக் கிதாரை அவர்கள் அப்படியே ஏற்கவில்லை. மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கிவிட்டார்கள். விரலால் தந்தியைக் குழிக்குள் அழுத்த, சுரம் வளைந்து அசைகிறது. நம் இசையில் கமகம் என்று போற்றுவதற்கு நெருங்கிய ஒன்றை அயலார் கருவியிலிருந்து வரவழைத்துக்கொண்டனர். தாளத்திற்குக் காலால் மிதித்து ஒலிக்கும் சிறு மரக்கட்டை ஒன்று உண்டு. சாங் லாங் என்பது அதன் பெயர். 2018இல் வந்த ஒரு வியட்நாமியத் திரைப்படம் இக்கட்டையின் பெயரையே தலைப்பாகக் கொண்டு, இக்கலையின் பழைய நாள்களை நினைவுகூர்ந்தது.

இந்தச் சூழலில் 1942 ஜூலை 31ஆம் நாள் கம்போடிய எல்லையை ஒட்டிய தை நின் மாநிலத்தில் தாஞ் ஙா பிறந்தார். தாயார் தோ அம்மையார் பின்னாளில் நாடகக் குழு நடத்துவதில் பெயர் பெற்றவர். வளர்ப்புத் தந்தை நம்ஙியா. 'நம்' என்றால் ஐந்து. தென் வியட்நாமில் பிறப்பு வரிசையைப் பெயரோடு சேர்த்தழைப்பது வழக்கம். ஆனால் தலைப்பிள்ளையை இரண்டு என்றே எண்ணத் தொடங்குவர், ஆகவே ஐந்து என்பவர் உண்மையில் நான்காம் பிள்ளை. இந்த நம்ஙியா, வோங் கோவை எட்டுத் தாள எண்ணிக்கைக்கு விரித்தவர் என்று இசை வரலாற்றில் குறிக்கப்படுபவர். கோயில் மணியோசையைப் பொருளாகக் கொண்ட பாட்டொன்றில் அதைச் செய்து காட்டினார். அத்தகையவர் வீட்டில் வளர்ந்த பெண், பாட்டைத் தனியே ஒரு பாடமாகக் கற்கத் தேவை இருக்கவில்லை. சிறுமியாகவே குழுவில் மேடையேறினார்.

1958இல் ட்ரான் தான் குவோக் என்னும் பத்திரிகையாளர் காய் லுவோங்கின் இளங்கலைஞருக்கென 'தாஞ் தாம்' விருதை நிறுவினார். முதலாண்டில் அதைப் பெற்றவர் தாஞ் ஙா ஒருவரே. அப்போது அவருக்கு வயது பதினாறு. கவிஞர் கியென் யாங் பங்குகொண்டு எழுதிய 'ஒருபோதும் மணக்கப்படாத மனைவி' என்ற நாடகத்தில் ஃபா கா என்னும் மலைநாட்டுப் பெண்ணாக நடித்ததற்காக அப்பரிசு. மறு ஆண்டு நம்ஙியா காலமானார். குழு சிதறியிருக்கலாம். தோ அம்மையார் அதைச் சிதறவிடவில்லை. 'தாஞ் மிஞ்' என்றிருந்த குழுவின் பெயரோடு மகளின் பெயரையும் சேர்த்து 'தாஞ் மிஞ்–தாஞ் ஙா' என்றாக்கினார். ஒரு குழுவின் சோறும் கூலியும் ஓர் இளம்பெண்ணின் குரலை நம்பி நின்றன. புகழ் என்று வெளியார் கண்டதை, வீட்டார் பொறுப்பு என்று கண்டிருக்க வேண்டும்.

1966இல் அவருக்கு மீண்டும் ஒரு தாஞ் தாம் விருது, இம்முறை சிறந்த கலைஞர் என்ற நிலையில். மூத்த நாடகாசிரியர் நம் சௌ எழுதிய 'நள்ளிரவுக்குப் பிந்திய மேடை' நாடகத்தில் யாங் ஹுவோங் என்னும் வேடம். நாடகக் கலைஞரின் வாழ்வையே பொருளாகக் கொண்ட நாடகம் அது. ஒரு நடிகை நடிகையாகவே நடிப்பது எளிது என்று தோன்றும். மெய்யில் அதுவே அரிது. வேடத்தின் மறைவு அங்கே கிடைப்பதில்லை.

அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்போர்க்கு ஒன்று விளங்கும். அது பெருங்குரல் அன்று. அவர் காலத்துப் பாடகியர் சிலரிடம் இருந்த கனமும் நீண்ட மூச்சும் அவரிடம் இல்லை என்றே சொல்ல வேண்டும். குரல் மெலிந்தது, சற்றே கூர்மையானது. ஆனால் சொல் தெளிவு அபாரம். எந்தச் சொல்லில் நிற்க வேண்டும், எந்தச் சொல்லைப் பேச்சுப்போல் விட்டுவிட வேண்டும் என்ற அறிவு ஒவ்வோர் அடியிலும் தெரிகிறது. அழும் இடத்தில் அழுகையைக் குறைத்துப் பாடுகிறார். கேட்பவர் மீதியை நிரப்பிக்கொள்கிறார். வியட்நாமிய மொழியில் ஒரே அசை, ஒலிப்பின் ஏற்ற இறக்கத்தால் வேறு வேறு பொருள் தரும். மெட்டின் போக்கும் சொல்லின் தொனியும் ஒன்றோடொன்று மோதாமல் பாடுவதற்குக் குரல்வளம் மட்டும் போதாது. அந்த நுட்பத்தில் அவரை மிஞ்சியவர் சிலரே.

திரைப்படத்திற்கு அவர் 1960களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டார். 'இரு மணவண்டிகள்' என்பது தொடக்ககாலப் படங்களுள் ஒன்று. எனினும் அவரைத் திரைக்கு மிகுதியும் தள்ளியது போர். 1966இல் சைகோனில் தொலைக்காட்சி தொடங்கியது. நாடகம் வீட்டுக்குள் வந்தது. 1968 புத்தாண்டுத் தாக்குதலுக்குப் பின் இரவு ஊரடங்கு நாடகக் கொட்டகைகளை இருளில் ஆழ்த்தியது. இரவில் நடக்கும் கலைக்கு இரவே இல்லாமற்போயிற்று. குழுக்கள் பல கலைந்தன. மேடைக் கலைஞர்கள் பகலில் படப்பிடிப்புக்குப் போனார்கள். லே யான் இயக்கி 1970இல் வெளிவந்த 'வெல்வெட் கண் லோவான்' படம் சைகோன் தெருக்களின் போக்கிரி இளைஞன் ஒருவனைப் பற்றியது. அதில் தாஞ் ஙா நடித்தார். 'லானும் தியெப்பும்' என்ற கதையிலும் அவர் திரையில் தோன்றினார். வஞ்சகத்தால் காதலன் வேறொருத்திக்குக் கணவனாக, லான் என்னும் கிராமத்துப் பெண் துறவியாகும் இக்கதை, ஙுயென் காங் ஹ்வான் 1930களில் எழுதிய நாவலிலிருந்து வந்து, நாடகமாகவும் பாட்டாகவும் ஊரெங்கும் பரவியிருந்தது. திரையில் அவர் முகம் அழகாகப் பதிந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவருடைய கலையின் முழு அளவையும் படங்களில் காண இயலாது. வோங் கோவின் அந்த இறக்கத்தில் ஆயிரம் பேர் மூச்சடக்கி இருக்க, அவர் கண்மூடி நிற்கும் கணத்தை எந்தப் படச்சுருளும் பிடித்துவைக்கவில்லை.

1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. கலைஞர் பலர் நாட்டை விட்டுப் போயினர்; தாஞ் ஙா தங்கினார். அவர் கணவர் முந்தைய அரசின் தகவல் அமைச்சில் பதவி வகித்தவர். புதிய ஆட்சியில் அது ஒரு சுமை. குழு மறுபடி கூடியது. நாடகங்களின் பொருள் மாறியது. மக்கள் மட்டும் முன்போலவே வந்தனர். 1976இல் 'பட்டு நெய்யும் பாலத்தருகே', அடுத்த ஆண்டு 'மே லிஞ் முரசொலி', பின்னர் 'யுவோங் வான் ஙா பேரரசி' என்று ஒன்றன்பின் ஒன்றாக வெற்றி. மூன்றிலும் உடன் நடித்தவர் தாஞ் சாங்.

பின்னிரண்டு நாடகங்களின் கதையைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். 'மே லிஞ் முரசொலி' ட்ருங் ட்ராக் பற்றியது. பொ.ஆ. 40இல் சீன ஹான் பேரரசின் ஆளுநனை எதிர்த்துத் தங்கையோடு படைதிரட்டி எழுந்து, மூன்றாண்டுகள் நாட்டை விடுவித்து வைத்திருந்த பெண்மணி அவர். ஆளுநனால் அவர் கணவன் கொல்லப்பட்டான் என்பது மரபுவழிச் செய்தி. மற்ற நாடகத்தின் தலைவி பத்தாம் நூற்றாண்டினள். 979இல் அரசன் கொலையுண்டான். ஆறு வயதுப் பாலகன் அரியணையில் அமர்ந்தான். வடக்கே சோங் படை திரண்டது. தாயான அரசி, மகனின் அரசுரிமையைவிட நாடு பெரிதென்று, அரச ஆடையை எடுத்துத் தளபதி லே ஹ்வானின் தோளில் போர்த்தினாள். அவன் 981இல் சோங் படையை முறியடித்தான். கணவன் இறந்தபின் மற்றொருவனை அரசனாக்கி அவனையே மணந்த அரசியைப் பழைய வரலாற்றாசிரியர் கடிந்து எழுதினர். தாஞ் ஙா அவளை நாணமின்றித் தலைநிமிர்ந்து நிற்கவைத்தார். ஒரு நடிகை ஒரு பழியைத் துடைத்தார் என்று கூறினும் தகும்.

இவை மேடையேறிய காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 1978இல் வியட்நாமுக்கும் சீனாவுக்கும் உறவு முறியும் நிலை. தென்மேற்கு எல்லையில் கெமர் ரூஜ் படையினர் தை நின் ஊர்களைத் தாக்கிக்கொண்டிருந்தனர்; அது தாஞ் ஙா பிறந்த மண். வடக்கிலிருந்து வரும் படையை எதிர்க்கும் பழைய அரசியின் சொல், கேட்போர்க்குப் பழஞ்சொல்லாக ஒலித்திராது. 'மே லிஞ் முரசொலி' நடந்துகொண்டிருந்த அரங்கில் ஒருமுறை கையெறிகுண்டு வீசப்பட்டது. தாஞ் ஙா காயமுற்றார். குணமானதும் மேடைக்குத் திரும்பினார்.

1978 நவம்பர் 26ஆம் நாள் இரவு, அவர் யுவோங் வான் ஙாவாக நடித்தார். நாடகம் முடிந்து கணவரோடும் ஐந்து வயது மகனோடும் காரில் வீடு திரும்பினார். வாசலில் துப்பாக்கியோடு இருவர் காத்திருந்தனர். அவர்கள் நாடியது குழந்தையை. கணவர் சுடப்பட்டார். தாஞ் ஙா குழந்தையை விடவில்லை; அவரும் சுடப்பட்டார். இருவரும் மாண்டனர். மகன் பிழைத்தான். வந்தவர்கள் வெறுங்கையோடு ஓடினார்கள்.

இறுதி ஊர்வலத்தில் நகரமே தெருவில் நின்றது. கொன்றது யார், ஏன் என்ற கேள்விக்கு மக்கள் தாமே விடை கட்டிக்கொண்டனர். சீனத்திற்கு எதிரான வேடங்களுக்காகக் கொன்றார்கள் என்றனர் சிலர். வேறு அரசியல் காரணம் தேடினர் சிலர். பிறகு பிடிபட்டது, பணத்திற்காகப் பிள்ளைகளைக் கடத்தும் கும்பல். முன்னதாக மற்றொரு புகழ்பெற்ற நடிகையின் மகனும் கடத்தப்பட்டு, பணம் கொடுத்து மீட்கப்பட்டிருந்தான். கொலையாளிகளுக்கு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. வழக்கு முடிந்தது, வதந்தி முடியவில்லை. பேரரசியாக நடித்தவர் வெறும் பணத்தாசைக்குப் பலியானார் என்பதை ஏற்க மக்கள் மனம் ஒப்பவில்லை போலும். பெரிய இறப்புக்குப் பெரிய காரணம் வேண்டும் என்று நினைப்பது மனித இயல்பு. ஆனால் அவர் இறுதிக் கணத்தில் செய்தது எந்த அரசியலும் அன்று. பிள்ளையைப் பற்றிக்கொண்டார், அவ்வளவே. சற்று முன்பு மேடையில் அவர் ஏற்றிருந்த வேடமும் ஒரு சிறுவனின் தாய்.

மூன்று மாதத்திற்குள், 1979 பிப்ரவரியில், சீனப் படை வட எல்லையைக் கடந்தது. 1984இல் அரசு அவருக்கு மறைவுக்குப் பின் 'சிறந்த கலைஞர்' பட்டம் வழங்கியது. மூத்த நடிகை ஃபுங் ஹா முதலானோர் முயற்சியால் வறிய கலைஞர்க்கென அமைந்த கோயிலும் இடுகாடும் கோ வாப் பகுதியில் உள்ளன. அங்கே தாஞ் ஙாவின் கல்லறையைத் தேடி இன்றும் மக்கள் வருகிறார்கள். காய் லுவோங்கின் வேரான அவையிசையை 2013இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. கொட்டகைகள் குறைந்துவிட்டன. பழைய ஒலிப்பதிவுகளில், மெலிந்த அந்தக் குரல் முதலடியின் இறுதிக்கு மெல்ல இறங்கி வருகிறது; கட்டை ஒருமுறை ஒலிக்கிறது; பெயர் தெரியாத ஒரு கூட்டம் கைதட்டுகிறது.