அடுத்த காத்தான் யார்?



கணினி மனிதர்கள் நடிகர்களின் இடத்தைப் பிடிப்பார்களா என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் என் விடை. நடிகர் நாகேஷ் 2009 இல் காலமானார். 2014 இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ படத்தில் அவரும் கணினி உருவமாக வருகிறார்! அந்தப் படத்தில் தோல் மெழுகுபோல் இருந்தது, கண்ணில் ஈரமில்லை. மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய அறிஞர் 1970 இலேயே இதை எழுதிவைத்தார்: பொம்மை மனிதரை நெருங்க நெருங்க நமக்குப் பிடிக்கும், ஏறத்தாழ மனிதராகிவிட்ட இடத்தில் மட்டும் சட்டென்று ஓர் அருவருப்புத் தட்டும். ‘கோச்சடையான்’ விழுந்தது அந்தக் கிடங்கில்தான். பத்து ஆண்டு கழித்து, மறைந்த நடிகர் விஜயகாந்த் ‘கோட்’ படத்தில் வந்தபோது கிடங்கு பாதி தூர்ந்துவிட்டது. மீதியும் தூர்ந்துவிடும். ஆகவே “இயந்திரத்துக்கு உயிர் வராது” என்று முழங்கிக் கைதட்டு வாங்க நான் வரவில்லை.

என் கவலை வேறு. நம்முடைய காத்தவராயன் கூத்தை எண்ணிப் பாருங்கள். விடிய விடிய நடக்கும் அந்தக் கூத்தில் நாயகன் காத்தானாக வருபவர் ஒருவரல்லர். சிறு பருவத்துக்கு ஒருவர், வளர்ந்த பின் இன்னொருவர் என்று ஆள் மாறும். முகம் வேறு, குரல் வேறு, சில ஊர்களில் உயரமும் ஒரு முழம் வேறு. “இது எங்கட காத்தான் இல்லை” என்று சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பியதுண்டா? அதே ‘கோட்’ படத்தில் விஜயை இளைஞராகக் காட்டச் சினிமாக்காரர் கணினிக்குக் காசைக் கொட்டினார்கள். நம்மவர்கள் பக்கத்தில் நின்ற பெடியனுக்கு உடுப்பைக் கட்டிவிட்டார்கள். சிரிக்கிறீர்கள், ஆனால் அப்படி உடுப்புக் கட்டியதால்தான் அடுத்த தலைமுறை நடிகன் கிடைத்தான்.

நாடக மேடையிலும் அப்படித்தான். நடிகமணி வி. வி. வைரமுத்து 1989 இல் மறைந்தார். அவருடைய அரிச்சந்திரனைப் பார்த்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். அந்த வேடம் வரும் ‘மயான காண்டம்’ அவரோடு சுடலைக்குப் போய்விடவில்லை. வேறு தொண்டைகள் பாடின. “நடிகமணியைப் போல வருமோ?” என்று முணுமுணுத்துக்கொண்டே நாம் பார்த்தோம். அந்த முணுமுணுப்பைத் தாங்கித்தான் புதியவன் தேறுகிறான். நாளைக்கு யாராவது பழைய ஒலிப்பதிவுகளையும் படங்களையும் கணினிக்குள் போட்டு நடிகமணியையே எழுப்பிவிட்டால், நானும் முன்வரிசையில் போய் இருப்பேன், மறைக்கவில்லை. ஆனால் அந்த வேடத்துக்காகக் காத்திருக்கும் பெடியனை யார் கூப்பிடப் போகிறார்கள்?

சம்மதம் கேட்டுவிட்டால் போதும் என்பார்கள். விஜயகாந்துக்கு அவர் மனைவியிடம் கேட்டார்கள். ‘லால் சலாம்’ பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை மீட்ட ஏ. ஆர். ரகுமான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றுப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். நல்லது. ஆனால் 2025 இல் ‘அம்பிகாபதி’ படத்துக்கு என்ன நடந்தது? கதையில் செத்த நாயகனைச் செயற்கை நுண்ணறிவால் கண்விழிக்க வைத்து மறுபடி திரையிட்டார்கள். அந்த நாயகனாக நடித்த தனுஷ் உயிரோடு இருந்து, வேண்டாம் என்று வெளிப்படையாகவே எதிர்த்தார். கேட்டார்களா? அவருக்கே அப்படியென்றால், திருவிழா மேடையில் ஆடிவிட்டு விடியப்புறம் சைக்கிளில் வீடு போகும் நம் கலைஞனின் சொல் எங்கே எடுபடும்?

அமெரிக்க நடிகர்கள் 2023 இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் கோரிக்கைகளில் இந்தக் கணினிப் பிரதிக்குக் கட்டுப்பாடும் ஒன்று. நம் இலங்கையில் 2003 இன் புலமைச் சொத்துச் சட்டம் நடிப்பவருக்குச் சில உரிமைகளைத் தருகிறது. ஆனால் செத்தவரைப் புதிதாக நடிக்க வைக்கும் தொழில்நுட்பம் கைக்கு வருமுன் எழுதிய சட்டம் அது.

அதனால் கணினி தெரிந்த பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் ஆட்டத்தை, தாளக்கட்டை, மத்தள அடியைத் தாராளமாகப் பதிவுசெய்யுங்கள். பழகுகிறவனுக்கு அது உதவும். பதியமுன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எதற்கு, எத்தனை காலத்துக்கு, எவ்வளவு கூலி, அவர் கண் மூடிய பின் யாரைக் கேட்பது. அந்தத் தாளின் முதல் வரைவை இன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருந்து எழுதலாம். சட்டத்தரணிகள் இருவர் முன்வரிசையில் இருக்கிறார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு நழுவ விடாதீர்கள்.