நாளைப்போவாரும் இன்று வருகிறவரும்

(திருவருகைக் காலத்தையொட்டி சிதம்பரத்தில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



திருவருகைக் காலத்தின் ஆன்மிகப் பொருள் இன்றைய கிறித்தவர்களுக்கு என்ன என்று பேசச் சொன்னார்கள். நான் சாமியாரும் இல்லை, போதகரும் இல்லை. கவிதை எழுதுகிறவன், பிழைப்புக்குக் கடலூரில் வங்கிக் குமாஸ்தா. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் கிறித்தவர் இல்லை என்பதும் தெரியும். அதனால விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள்தான் திருவருகைக் காலம். லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளில் அட்வெந்து என்பார்கள். பீடத்துக்கு ஊதாத் துணி. பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவத்தி, ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றுவோம். இந்த வளையம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் வீகர்ன் என்ற லுத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தினார். கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ என்று பிள்ளைகள் துளைத்தெடுத்தார்கள். ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை நட்டு நாளை எண்ணிக் காட்டினார். ஆக, ஏழைப் பிள்ளைகள் 'எப்போ?' என்று கேட்டதால் வந்த சாமான் அது. இன்று நம் கோயில்களில் வளையம் இருக்கு, மெழுகுவத்தி இருக்கு, அந்தக் கேள்வியை மட்டும் காணோம். 'பொறுமையாகக் காத்திருங்கள், உள்ளத்தைத் தயார் செய்யுங்கள்' என்ற பிரசங்கம்தான் வருசா வருசம் கேட்கிறோம்.

காத்திருங்கள் என்று யாரைப் பார்த்துச் சொல்றீங்க?

கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் காத்திருப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எல்லாரும் ஒரே மாதிரி காத்திருப்பதில்லை. கடை முதலாளி வந்தால் மேனேஜர் அறையில் நாற்காலி. முதியோர் பணம் எடுக்கக் காலனியிலிருந்து வந்த ஆயா சுவரோரம் நிற்கும். 'சர்வர் இல்ல, நாளைக்கு வா ஆயா.' அதுவும் சரி என்று போகும். மறுநாள் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து மறுபடி வரும். யார் யாரைக் காக்க வைக்க முடியும் என்று பாருங்கள், சாதி எங்கே குந்தியிருக்கு என்று தெரிந்துவிடும்.

நாம் கூடியிருக்கும் இந்த ஊர் அந்த 'நாளை'க்குப் பேர்போன ஊர். திருநாளைப்போவார். ஆதனூர்ச் சேரியில் பிறந்த நந்தன் தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரை வாங்கினார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய கதையில் அவரைத் தடுத்தது தன் பிறப்பைப் பற்றிய அச்சம். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய கதையில் அந்த அச்சத்துக்கு ஒரு ஆள் கிடைத்தார்: பண்ணை நடத்தும் வேதியர். ரெண்டு கதையிலும் முடிவு நெருப்புதான். நெருப்பில் இறங்கி, பழைய உடம்பை விட்டு, பூணூல் மார்போடு எழுந்த பிறகுதான் உள்ளே அனுமதி. நந்தன் நந்தனாகவே கடைசிவரைக்கும் உள்ளே போகவில்லை. அந்த நெருப்பை நினைவுபடுத்தும் ஓமக்குளத்தில்தான் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். நாளைப் போவேன் என்றவரின் பெயரில், இன்றைக்கே வந்து உட்காரு என்று சேரிப் பிள்ளைகளுக்கு இடம் போட்டார்.

இந்தக் கதைக்குப் பக்கத்தில் பெத்லகேம் கதையை வைத்துப் பாருங்கள். நந்தன் கதையில் பக்தன் போக வேண்டும், அதுவும் மாறிப் போக வேண்டும். பெத்லகேம் கதையில் கடவுள் வருகிறார். அட்வெந்து என்பது வருகை என்று பொருள்படும் லத்தீன் சொல். ரோமாபுரிப் பேரரசன் ஒரு நகரத்துக்குள் பவனி வருவதற்கும் அதே சொல்தான். மந்திரி வந்தால் நம்ம ஊரில் என்ன நடக்கும்? ரோட்டுக்குச் சுண்ணாம்பு போடுவான், காலனி தெரியாமல் இருக்கத் தட்டி கட்டுவான். ஆனால் இந்த வருகை தட்டிக்கு அந்தப் பக்கம் வந்தது. மாட்டுக் கொட்டகையில், தீவனத் தொட்டியில். நம் கிராமங்களில் கொட்டகையில் சாணி அள்ளுவது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாரையும் நெருப்பில் குளித்துவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. தீட்டு என்று ஊர் ஒதுக்கிய இடத்துக்கு அவரே வந்தார். கிறித்தவத்தில் எனக்குப் பிடிமானம் இதுதான். இது இல்லை என்றால் ஊதாத் துணியும் மெழுகுவத்தியும் எனக்கு எதற்கு?

அப்படி வந்தவர் இப்போ எங்கே நிற்கிறார்? தமிழ்நாட்டில் எத்தனையோ பங்குகளில் தெரு முனையோடு நிற்கிறார். தேர் ஊர்த்தெருவைச் சுற்றும், காலனி முனையில் திரும்பிவிடும். நம்முடைய புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஏறையூரை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலிலும் சாவு ஊர்வலப் பாதையிலும் சமம் கேட்டு, அது கிடைக்காமல், தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு பேர் செத்தார்கள். ஒரே பங்கு, ஒரே மாதா, ஒரே அப்பம்.

இது நேற்றைய கதையும் இல்லை. நெல்லிக்குப்பத்தைத் தாண்டி மேல்பட்டாம்பாக்கம் இருக்கு. சபைக்குள் சாதி இருக்கலாமா என்று லைப்சிக் மிஷனில் பெரிய சண்டை நடந்தது. அதெல்லாம் சமூக வழக்கம், மெல்ல மாறும் என்றது மிஷன். கார்ல் ஆக்ஸ் என்ற மிஷனரி ஒத்துக்கொள்ளவில்லை. மிஷனை விட்டு வெளியேறி, 1860களின் தொடக்கத்தில் இங்கே பெத்தானியா என்று தனியாக ஆரம்பித்தார். பிறகு டேனிஷ் மிஷனோடு சேர்ந்த அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. 'மெல்ல மாறும்' என்பது 160 வருசத்துக்கு முன் சொன்ன பதில். இன்றைக்கும் அதே பதில்தான். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது 2016 டிசம்பரில். அதுவும் ஒரு திருவருகைக் காலம்தான்.

திருச்சபை ஒரு பக்கம் என்றால் அரசு இன்னொரு பக்கம். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் தாழ்த்தப்பட்ட சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. என் சான்றிதழில் பி.சி. என்று இருக்கு. என் பெரியப்பா மகன் சான்றிதழில் எஸ்.சி. ஒரே தெரு, ஒரே தாத்தா. ஊர்க்காரன் பார்க்கிற பார்வை ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். சாதிப் பெயர் சொல்லி அடித்தால் அவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு, எனக்கு இல்லை.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அரசு, செருப்புத் தைக்கிறவர்களுக்கு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. கிறித்தவர் என்பதால் இவருக்கு இல்லை. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி 1985இல் வழக்கைத் தள்ளினார்கள். அவர் பெயர் சூசை. மரியாளின் கணவருக்கும் தமிழில் அதே பெயர்தான். அந்தச் சூசைக்குச் சத்திரத்தில் இடமில்லை, இந்தச் சூசைக்குப் பங்க் கடை இல்லை.

2004இல் மறுபடி வழக்கு. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மதத்தைப் பார்க்காமல் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்த அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தது 2009 டிசம்பரில். 2022 அக்டோபரில் பாலகிருஷ்ணன் ஆணையம், ரெண்டு வருசக் கெடு. 2024இல் கெடுவை நீட்டித்தார்கள். வங்கிக்காரன் கணக்கு ஒன்று சொல்கிறேன். 1950 முதல் 2024 வரை 75 திருவருகைக் காலங்கள், காலத்துக்கு நாலு ஞாயிறு. 300 ஞாயிறு மெழுகுவத்தி ஏற்றியாகிவிட்டது. பொறுமையைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்த இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?

அப்போ திருவருகைக் காலத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று தோழர்கள் கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஏனென்றால் இந்த நாலு வாரமும் கோயிலில் வாசிக்கிற வாசகங்கள், பிரசங்கம் சொல்கிறதைச் சொல்லவில்லை.

2024 நவம்பர் 30 இராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. மறுநாள் டிசம்பர் 1, திருவருகைக் கால முதல் ஞாயிறு. அடுத்தடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி கடலூர்ப் பக்கம் புகுந்தது. நம்ம மாவட்டத்துக்கு இந்த மாதங்கள் இப்படித்தான். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம். கோயிலுக்குள் வைக்கோலும் களிமண்ணும் வைத்துக் குடில் கட்டி சீரியல் பல்பு போடுகிற அதே வாரத்தில், பள்ளத்தில் இருக்கிற நம்ம குடிசைக்குள் தண்ணீர் நிற்கும். வெள்ளம் மட்டும் ஒரு வருசமும் 'நாளைக்கு வர்றேன்' என்று சொன்னதில்லை. அந்த டிசம்பர் 1ஆம் தேதிக்கு என்ன வாசகம் தெரியுமா? லூக்கா 21. கடலும் அலையும் இரையும், சனங்கள் அஞ்சி நடுங்குவார்கள் என்று இயேசு சொல்கிற பகுதி. நடுங்குகிற சனங்களுக்கு அங்கே அவர் சொல்வது தலையை உயர்த்தி நிமிர்ந்து நிற்கச் சொல்லித்தான். சேரிக்காரன் ஊர்த்தெருவில் தலை நிமிர்ந்து நடந்தால் அடி விழுந்த நாடு இது. நமக்கு அதைவிடப் பெரிய ஆன்மிகம் எது?

விழித்திருங்கள் என்பது இன்னொரு வாசகம். ஊரில் ராத்திரி விழித்திருப்பது யார்? களத்தில் நெல்லுக்குக் காவல், ஏரி உடையாமல் கரைக் காவல், பிணம் வேகும்வரை சுடுகாட்டில் காவல். எல்லாம் நம்ம சனம். பெத்லகேமிலும் வெட்டவெளியில் கிடைக்குக் காவல் இருந்தவர்களுக்குத்தான் முதல் சேதி. அந்தச் சேதியைச் சொல்ல ஒருத்தன் முன்னால் ஓட வேண்டும் இல்லையா? ஊருக்குச் சேதி சொல்கிற வேலை யாருடையது? சாவுச் சேதி கொண்டு ஓடியவர்கள் நாம். பறை என்றாலே சொல் என்றுதான் அர்த்தம். திருமுழுக்கு யோவானை எனக்கு அந்த வரிசையில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. வனாந்தரத்தில் நின்று அவர் அறிவித்தது பாதை போடச் சொல்லி: பள்ளத்தைத் தூர்த்து, மேட்டை வெட்டி, கோணலை நிமிர்த்தி. உள்ளத்தில் மட்டும் போடுகிற பாதை என்று பிரசங்கத்தில் அதைச் சுருக்கிவிட்டார்கள். டாக்டர் அம்பேத்கர் கிறித்தவத்தைப் பற்றிச் சொன்ன குறையும் இதுதான். உன் வீழ்ச்சிக்கு உன் பாவமே காரணம் என்று தீண்டப்படாதவனுக்குக் கற்றுக்கொடுத்தால், தன்னை வீழ்த்திய சமூகத்தை மாற்ற அவன் ஏன் கிளம்பப் போகிறான் என்று கேட்டார்.

யோவானைச் சிறையில் அடைத்த பிறகு அவருக்கே சந்தேகம் வருகிறது. வர வேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்குக் காத்திருக்கணுமா என்று சீடர்களை அனுப்பிக் கேட்கிறார். பொறுமையாக இரு என்று இயேசு பதில் சொல்லவில்லை. நடப்பதைப் பார்த்துப் போய்ச் சொல்லுங்கள் என்கிறார்: நடக்க முடியாதவர் நடக்கிறார், ஏழைக்கு நற்செய்தி கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மாற்றம்தான் வருகைக்குச் சாட்சி. அந்த அளவுகோலைத் திருச்சபை மீதும் வைத்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

விழிப்பு என்றால் என்ன என்று நம்ம மாவட்டத்திலேயே பார்த்தோம். 2003இல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் முருகேசனையும் கண்ணகியையும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021இல், 18 வருசம் கழித்து. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2025இல். அந்தத் தீர்ப்பு தானாக நடந்து வரவில்லை. முருகேசன் குடும்பமும் வழக்கறிஞர்களும் இத்தனை வருசம் தூங்காமல் இருந்ததால் வந்தது.

இந்த நாலு வாரத்துக்கு நான் சொல்வது நாலு வேலை. ஒன்று, கேரல் குழுவும் தேரும் உங்கள் பங்கில் எந்தத் தெரு வரை வருகிறது என்று நடந்து பார்த்து எழுதுங்கள். ரெண்டு, கல்லறையில் பிரிப்பு இருந்தால் அதையும் எழுதி, பங்குப் பேரவையில் எல்லார் முன்னாலும் வாசியுங்கள். மூணு, வரப்போகும் கணக்கெடுப்பில் சாதியும் சேர்க்கப்படும் என்று 2025இல் அறிவித்திருக்கிறார்கள். சூசையும் மரியாளும் பெத்லகேமுக்குப் போனதே கணக்கெடுப்புக்குத்தான். தலித் கிறித்தவன் தன்னை மறைக்காமல் எப்படிப் பதிவது என்று காலனியில் உட்கார்ந்து பேசுங்கள். நாலு, பறட்டை அண்ணன் என்று நாம் அழைத்த தியோபிலஸ் அப்பாவு 'ஒரே உலை' என்று ஒரு இறையியலைச் சொன்னார். எல்லார் அரிசியும் ஒரே பானையில். கிறிஸ்துமஸ் ராத்திரி அந்த உலையைக் காலனியில் வையுங்கள், ஊர்த்தெருக் கிறித்தவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். வருகிறவர்கள் வரட்டும். வராதவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி இருந்தால் கேளுங்க. ஜெய்பீம்.