துருவத்தில் சூடு, பெருவில் ஆட்டம்

அயனி மண்டலம்னு சொன்னாலே நமக்கு சூரியன்தான் ஞாபகத்துக்கு வரும். சூரியன் சீறினா ரேடியோ கரகரக்கும், ஜிபிஎஸ் தடுமாறும். இது பாதிக் கதைதான். மீதி கீழே இருந்து, நாம சுவாசிக்கிற காற்றில் இருந்து வருது. அதுக்கு நல்ல சாட்சி 2009 ஜனவரி.

அப்போ சூரியன் ரொம்ப அமைதி. கரும்புள்ளிகளே அபூர்வம். பெரு நாட்டில், லிமாவுக்குப் பக்கத்தில் ஹிகாமார்கா ரேடார் இருக்கு. அங்கே பகல் நேரத்தில் அயனி மண்டலம் மெல்ல மேலே ஏறுவதுதான் வழக்கம். அந்த நாட்களில் மட்டும் காலையில் வழக்கத்தைவிட வேகமா ஏறியது. மதியத்துக்கு மேல் கீழே இறங்கியது.

காரணம் வட துருவத்தில் இருந்தது. குளிர்காலத்தில் அதன் மேலே ஒரு பெரிய குளிர்காற்றுச் சுழல் சுற்றும். மலைத்தொடர்களும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் கிளப்புகிற கோள் அலைகள் மேலே போய் அந்தச் சுழலில் மோதி உடையும். அந்த ஜனவரியில் சுழல் இரண்டாகவே பிளந்தது. காற்று கீழே இறங்கி, அமுங்கி, சூடானது. சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் சில நாட்களுக்குள் வெப்பம் 50 டிகிரிக்கும் மேல் ஏறியது.

சரி, துருவத்துச் சூடு பெருவுக்கு எப்படிப் போச்சு? கோள் அலைகளால் அவ்வளவு உயரம் நேரடியா ஏற முடியாது. அவை வேலையை ஓதங்களிடம் ஒப்படைக்கின்றன. கடலில் இருப்பது போல காற்றிலும் ஓதம் உண்டு. நீராவியையும் ஓசோனையும் சூரியன் தினமும் சூடாக்குவதால் 24 மணி, 12 மணி கணக்கில் காற்று அலைபாயும். வெப்பமண்டல ஊர்களில் பாரோமீட்டரைக் கவனிச்சா, காலை 10, இரவு 10 மணி வாக்கில் அழுத்தம் கொஞ்சம் கூடும். அதுதான் ஓதம். மேலே போகப் போக காற்று மெலியும், ஓதம் பெருகும். துருவச் சுழல் உடைந்தால் காற்றோட்டமே மாறும். அப்போ 12 மணி ஓதமும், நிலவு எழுப்புகிற ஓதமும் இன்னும் வலுக்கின்றன.

சுமார் 100 கிலோமீட்டருக்கு மேலே இந்தக் காற்று, மின்னேற்றத் துகள்களைப் பூமியின் காந்தப் புலத்துக்குக் குறுக்கே தள்ளுகிறது. டைனமோ மாதிரி மின்புலம் உருவாகிறது. அந்த மின்புலம்தான் மேலடுக்கைத் தூக்குகிறது, இறக்குகிறது. ஏற்றம் இறக்கம் இரண்டும் ஒரே பகலில் வந்தது 12 மணி ஓதத்தின் கைவரிசை.

காந்த நடுக்கோடு நம்ம தென்கோடி வழியாவும் போகுது. இப்படிப்பட்ட வெப்ப நாட்களில் திருநெல்வேலி காந்தமானியும் பிற்பகலில் மின்னோட்டம் திசை மாறுவதைப் பதிவு செய்திருக்கு.

இதில் நமக்கு என்ன? அயனி மண்டலம் மாறினால் ஜிபிஎஸ் கணக்கில் சில மீட்டர் பிழை கூடலாம். போனில் வழி பார்க்கிறவருக்கு அது பெரிசில்லை, தரையிறங்கும் விமானத்துக்குப் பெரிசு. நல்ல செய்தியும் உண்டு. துருவ வெப்பத்தைச் சில நாட்கள் முன்பே வானிலைக்காரர்களால் கணிக்க முடியும். அப்போ 300 கிலோமீட்டர் உயரத்துக்கும் ஒரு முன்னறிவிப்பு கிடைக்கும். அதுக்கு மேலே சூரியனைப் பார்த்தால் மட்டும் போதாது, கீழேயும் பார்க்கணும்.